முதுமைக்குரிய களஞ்சியம்

தமிழகத்தில் அரசுப் பணியாளர் ஓய்வு பெறும் வயது நெடுங்காலம் 58 ஆக இருந்தது. கொரோனா நோய் பரவிய 2020 மே மாதத்தில் அது 59 ஆக உயர்த்தப்பட்டது. 2021 பிப்ரவரியில் 60 என அறிவிக்கப்பட்டது. ஓய்வுக்காலப் பணப்பயன்களை உடனே வழங்க வேண்டிய சுமை இதனால் அரசுக்குத் தள்ளிப் போயிற்று. வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களின் வாய்ப்பும் கூடவே தள்ளிப் போயிற்று.

இஃது இங்கு மட்டும் நிகழ்வதன்று. பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் பெறும் வயதை 66 இலிருந்து 67 ஆக 2026 முதல் 2028 வரை படிப்படியாக உயர்த்தச் சட்டம் வகை செய்துள்ளது. சீனாவில் 2025 சனவரி முதல் ஆண்களின் ஓய்வு வயது பதினைந்து ஆண்டுகளில் 60 இலிருந்து 63 ஆகும் வண்ணம் ஏற்றப்பட்டு வருகிறது. மக்களின் ஆயுள் நீள்கிறது, பிள்ளைப்பேறு குறைகிறது, உழைப்போர் செலுத்தும் பணத்தைக் கொண்டு முதியோரைத் தாங்கும் ஏற்பாடு தள்ளாடுகிறது. காரணம் இதுவே.

அரசுகள் ஆணை பிறப்பித்து வயது வரம்பை நகர்த்தலாம். முழங்கால் வலியையும் கண்ணில் படரும் புரையையும் எந்த ஆணை நகர்த்தும்?

செஞ்சி நகரை எண்ணிப் பாருங்கள். நெல்லும் மணிலாவும் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை சுமப்பவர், கடைவீதியில் துணி தைப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், சிறு மளிகைக் கடை நடத்துபவர் ஆகியோருக்கு ஓய்வு வயது என்று ஒன்று ஏது? உடல் மறுக்கும் நாளே அவர்கள் ஓய்வு பெறும் நாள். தமிழக அரசு 1962 இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம், 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு அது 40 ரூபாய். அதுவும் ஆதரவற்ற ஏழை முதியோர்க்கே உரியது. தொழிலாளர் வைப்பு நிதியைச் சார்ந்த ஓய்வூதியத்தில் குறைந்த தொகை 1,000 ரூபாய் என 2014 இல் வரையறுக்கப்பட்டது. அரசுப் பணியிலும் 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதிய முறை புகுத்தப்பட்டது. அதனை எதிர்த்து ஊழியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது.

'நாளைய கவலை நமக்கெதற்கு? இறைவன் பார்த்துக்கொள்வான்' என்று சிலர் கூறுவர். தவக்குல் என்பதன் பொருள் அதுவன்று. யூசுஃப் நபியின் வரலாற்றைத் திருமறை விரித்துரைக்கிறது. செழிப்பான ஏழாண்டுகளில் உண்பதற்குச் சிறிதளவே எடுத்து, எஞ்சியதைக் கதிரோடு சேமித்து வைத்து, பின்வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளை எதிர்கொள்ளும் வழியை அந்த நபி காட்டினார்கள். சேமிப்பு நம்பிக்கைக் குறைவாக இருந்திருப்பின் ஒரு நபி அதனைக் கற்பித்திருப்பாரா?

நம் செஞ்சிக் கோட்டைக்குள்ளும் தானியக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. மதில் எத்துணை உயர்ந்ததாயினும் உள்ளே தானியமும் நீரும் இல்லையேல் முற்றுகையைத் தாங்க இயலாது என்பதை அறிந்தோரே அக்களஞ்சியங்களைக் கட்டினர். முதுமையும் ஒரு முற்றுகையே. அது வரும் என்பது உறுதி; எத்துணை ஆண்டு நீடிக்கும் என்பதே தெரியாது.

ஆயின் எங்கே சேமிப்பது? இதுவே முஸ்லிம் குடும்பங்களின் உண்மையான இடர்ப்பாடு. வட்டி ஹராம். வங்கி வைப்பும் பெரும்பாலான ஓய்வூதியத் திட்டங்களும் வட்டியைச் சார்ந்தவை. 2015 இல் தொடங்கப்பட்ட அடல் ஓய்வூதியத் திட்டத்தின் நிதியும் பெரும்பகுதி கடன் பத்திரங்களிலேயே இடப்படுகிறது. அரசுப் பணியில் கட்டாயமாகப் பிடிக்கப்படும் வைப்பு நிதியின் கூடுதல் தொகையை வட்டியாகக் கருத வேண்டியதில்லை என்று கூறும் உலமாக்கள் உண்டு. தாமே விரும்பிச் செலுத்தும் தொகைக்கு அவ்வாறு கூறத் தயங்குகின்றனர். இதில் ஐயமுடையோர் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

வட்டியை அஞ்சி விலகுவது சிறப்பு. அதனையே சாக்காக்கிச் சேமிப்பையே விட்டுவிடுவது சிறப்பாகுமா? மலேசியாவைப் பாருங்கள். ஹஜ்ஜுக்குப் பணம் சேர்ப்போர் வட்டியின்றிச் சேமிக்க வேண்டும் என்று அறிஞர் உங்கு அஸீஸ் 1959 இல் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அதன்வழி 1963 இல் எழுந்த நிறுவனமே இன்று தாபோங் ஹாஜி என விளங்குகிறது. குறை கூறுவதோடு நில்லாமல் அவர்கள் மாற்று வழி ஒன்றை உருவாக்கினர்.

அத்தகைய நிறுவனம் நம்மிடம் இல்லை. எனினும் வழிகள் அடைபட்டுவிடவில்லை. நிலம், வாடகை தரும் சிறு கடை, நம்பகமானவரோடு இலாப நட்டம் பகிரும் எழுத்துப்பூர்வமான கூட்டு, ஷரீஅத் வரம்பிற்குட்பட்ட தொழில்களின் பங்குகள் என அவை பலவாகும். இவற்றில் நட்டமும் உண்டு. ஆதலின் அனைத்தையும் ஒரே இடத்தில் இடுதல் கூடாது. பணத்தைப் பெட்டியில் முடக்குவதும் தகாது. விலைவாசி அதனைத் தின்னும். ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத்தும் கடமையாகும். ஜகாத் கரைத்துவிடாதவாறு அனாதைகளின் செல்வத்தை வணிகத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக ஏடுகள் கூறுகின்றன.

காலமே பெருந்துணை. ஐந்து இலட்சம் ரூபாயை நாற்பது ஆண்டுகளில் சேர்க்க மாதம் சுமார் 1,042 ரூபாய் போதும். பத்தே ஆண்டுகளில் சேர்ப்பதாயின் மாதம் 4,167 ரூபாய் தேவை. இருபது வயது இளைஞனுக்கு எளிதாவது ஐம்பது வயதுக் குடும்பத் தலைவருக்கு மலையாகிவிடுகிறது. அவர் கையிலிருந்ததோ மகளின் திருமணத்தில் வரதட்சணையாகவும் விருந்தாகவும் கரைந்திருக்கும். மணமகன் மஹர் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில் பெண்ணைப் பெற்றவரின் முதுமைக்காலச் சோறு பறிபோகிறதே, இது நீதியா?

நோயுற்றிருந்த ஸஅத் (ரலி) அவர்கள் தம் செல்வத்தின் பெரும்பகுதியை அறம் செய்ய விரும்பியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றிலொரு பங்கிற்கு மேல் இசையவில்லை. வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதினும் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்று உணர்த்தினார்கள். கணவர் மறைந்தபின் நெடுநாள் வாழக்கூடிய மனைவிக்கும் இது பொருந்தும். சேமிப்பின் விவரமும் பத்திரங்களும் அவர் அறிய இருத்தல் வேண்டும்.

இத்துணையும் செய்ய இயலாத வறியோர் உளர். இரந்து நின்ற யூத முதியவர் ஒருவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுதல் நீதியன்று எனக் கருதி, பைத்துல்மாலிலிருந்து உதவ ஆணையிட்டார்கள். அந்த வழியில் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவின் ஆதரவற்ற முதியோரைக் கணக்கெடுத்து, ஜகாத் நிதியில் மாதந்தோறும் ஒரு தொகையை உறுதி செய்யலாகாதா? ரமலானில் ஒரு முறை தரும் புடவை பதினொரு மாதப் பசியைத் தீர்க்காது.

உழைக்கும் கரத்திற்கு வலிமை உள்ளபோதே களஞ்சியம் நிரம்பட்டும். வல்ல நாயன் அதற்கு அருள் புரிவானாக!