இருமொழிக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு எப்போது வரும்?

தமிழ்நாடு 1968ஆம் ஆண்டிலிருந்து இருமொழிக் கொள்கையைக் கட்டிக்காத்து வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதில் உறுதியாக நிற்கிறது. எந்த மொழி வேண்டும், எது வேண்டாம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பேசிவிட்டோம். வேண்டும் என்று சொன்ன இரண்டு மொழிகளையும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அதில் பத்தில் ஒரு பங்காவது பேசியிருப்போமா? ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்று பெற்றோரைக் கேட்கிறோம். இரண்டு மொழிகளையும் திட்டமிட்டுச் சேர்த்து வளர்க்கும் வகுப்பு என்ற ஒன்று அந்தக் கேள்வியிலேயே இல்லை. அப்படி ஒரு வகுப்பை அரசுத் தொடக்கப் பள்ளியில் கொண்டுவர வேண்டும். அதற்கு முதலில் ஆசிரியரைத் தயார்படுத்த வேண்டும்.

வந்தவாசி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். ஒரு பக்கம் பட்டுத் தறிகளின் ஆரணி, இன்னொரு பக்கம் செய்யாறு சிப்காட். பாய் நெய்கிறவரும், தறியில் உட்காருகிறவரும், கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிறவரும் தம் பிள்ளை இங்கிலீஷ் பேச வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தவறும் இல்லை. 2012-13 தொடங்கி அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டது இந்த ஆசைக்குக் கிடைத்த பதில். ஆனால் பிரிவு வந்த வேகத்தில் ஆசிரியர் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். இந்த ஈராசிரியர் பள்ளிகளில் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளையும் பார்த்தாக வேண்டும். பதிவேட்டில் இரண்டு பயிற்றுமொழி இருந்தாலும் அறையும் கரும்பலகையும் ஒன்றுதான். செடியின் பாகங்களை ஆசிரியர் எல்லோருக்கும் சேர்த்துத் தமிழில் விளக்குவார். வேர், தண்டு, இலை என்று பிள்ளைகள் உரக்கச் சொல்வார்கள். அதன் பிறகு ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்காகக் கேள்வியும் பதிலும் பலகையில் ஆங்கிலத்தில் எழுதப்படும். அவர்கள் அதைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். இதற்காக ஆசிரியரைக் குறைசொல்வது அநியாயம். அவரும் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்தவர். தமிழில் விளக்கினால்தான் புரியும் என்று அவருக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதினால்தான் கணக்கில் வரும் என்றும் தெரிகிறது. ஆக, இருமொழி வகுப்பு நம்மிடம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பாடநூல் இல்லை, பயிற்சி இல்லை, அங்கீகாரமும் இல்லை.

ஒரு மொழியில் முழுக்காட்டினால் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும் என்பவர்கள் கனடாவைக் காட்டுவார்கள். 1965இல் மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகக் கற்றார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. உண்மைதான். ஆனால் அந்த ஆசிரியர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும். தொடக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் புரிந்துகொண்டு பிரெஞ்சில் பதில் சொன்னார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து ஆங்கில எழுத்தும் முறையாகக் கற்பிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளின் வீட்டிலும் புத்தகம் இருந்தது, தெருவில் பெயர்ப்பலகை இருந்தது, அவர்களின் தாய்மொழியை யாரும் மட்டமாக நினைக்கவில்லை. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல், ஆங்கிலம் காதில் விழாத கிராமத்துப் பிள்ளையிடம் ஆங்கிலப் பாடநூலை மட்டும் கொடுப்பது நீச்சல் கற்றுக்கொடுப்பதாகாது, கிணற்றில் தள்ளிவிடுவதாகும்.

நமக்குப் பொருத்தமான பாடம் மயாமியில் இருக்கிறது. அங்கே கோரல் வே தொடக்கப் பள்ளியில் 1963இல், கியூபாவிலிருந்து வந்த பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து, நாளில் பாதி ஸ்பானிஷ், பாதி ஆங்கிலம் என்று நடத்தினார்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனி ஆசிரியர். காலையில் ஒருவர் நடத்தியதை இன்னொருவர் அடுத்த மொழியில் வலுப்படுத்த வேண்டும் என்பதால் இருவரும் உட்கார்ந்து திட்டமிட நேரம் ஒதுக்கினார்கள். பிற்காலத்தில் வெய்ன் தாமஸ், வர்ஜீனியா காலியர் இருவரும் அமெரிக்கப் பள்ளிகளின் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது, தாய்மொழியில் நெடுநாள் முறையாகப் படித்த பிள்ளைகளே கடைசியில் ஆங்கிலத்திலும் மேலே வந்ததைக் கண்டார்கள். இதில் வியப்பில்லை. வந்தவாசிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கோரையை எப்படிக் கீறுவது, ஏன் வெயிலில் காயவைப்பது, சாயம் ஏற்றுவதற்கு முன் ஏன் ஊறப்போடுவது என்பதெல்லாம் பள்ளிக்கு வரும் முன்பே தெரிந்திருக்கும். தமிழில் கேட்டால் காரணத்தோடு விளக்கும். அந்த விளக்கும் திறன்தான் கல்வி. அது ஒரு மொழியில் ஊன்றிவிட்டால் அடுத்த மொழிக்குத் தானே கூட வரும். முதல் நாளிலிருந்தே அதன் வாயை அடைத்துவிட்டால் எந்த மொழிக்கும் வராது.

இளம் வயதில்தானே மொழி சீக்கிரம் வரும் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. உச்சரிப்புக்கு இளம் வயது நல்லது. அதனால்தான் முதல் வகுப்பிலிருந்தே தினமும் ஆங்கிலம் பேச்சாக, பாட்டாக, கதையாக வேண்டும் என்கிறேன். கணக்கையும் சூழ்நிலையியலையும் தமிழில் புரியவைத்து, அதே பாடத்தை ஆங்கிலத்தில் பேசவைக்க வேண்டும். ஆங்கிலத்தின் பங்கு வகுப்புக்கு வகுப்பு கூடிக்கொண்டே போகட்டும். மறுபக்கம், இது தமிழ்வழிக்குக் குழிபறிக்கும் என்று அஞ்சுகிற தமிழன்பர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று தமிழ்வழிப் பிரிவிலிருந்து ஆங்கிலவழிக்கும், அங்கிருந்து தனியார் பள்ளி வேனுக்கும் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தையும் உருப்படியாகத் தரும் வகுப்பில்தான் தமிழும் கற்பிக்கும் மொழியாக நிலைக்கும். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, தமிழையும் ஆங்கிலத்தையும் கணக்கையும் செயல்பாடுகள் வழியே கற்பித்தது. இருமொழி வகுப்பை இதன்மேலேயே கட்டலாம்.

சட்டத்தால் மட்டும் இது நடக்காது என்பதற்கு ஆந்திரம் சாட்சி. 2019இல் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஆங்கிலவழியைக் கட்டாயமாக்கிப் போட்ட அரசாணையை, 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. அதே ஆந்திரம் பிறகு தெலுங்கையும் ஆங்கிலத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்ட பாடநூல்களைக் கொண்டுவந்தது. ஒன்று புரியாதபோது பிள்ளை மற்ற பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கும் அது கைகொடுக்கும். இதை நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் விஷயத்தில் நம் வரலாறு நன்றாக இல்லை. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது, உபரி என்று கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். 2022இல் அந்த வகுப்புகளை மூடப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, மீண்டும் தொடர்ந்தபோது, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மொழிகளைப் பழக்குவது கல்விப் பணியிலேயே மிகக் கடினமான வேலை. அதற்கு நாம் வைத்த விலை இது. நிதி இல்லை என்ற பதிலை இந்த ஒரு விஷயத்தில் ஏற்கக் கூடாது. புதிதாக ஒரு பெரிய படையைத் தேட வேண்டியதும் இல்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வேண்டிய வகுப்பறை ஆங்கிலம் ஓர் எல்லைக்குள் அடங்குவது. இன்றைய ஆசிரியர்கள் ஓராண்டு தொடர்ந்து பேசிப் பழகினால் அது கைவரும். ஆனால் அதற்குச் சனிக்கிழமை குறுவள மையக் கூட்டத்தில் பி.பி.டி. காட்டிக் கையெழுத்து வாங்குவது போதாது. பள்ளிக்கே வந்து, பாடம் நடத்திக் காட்டி, மறுவாரம் வந்து பார்க்கும் பயிற்றுநர் வேண்டும்.

வந்தவாசி ஒன்றியத்தில் விரும்பி முன்வரும் பள்ளிகளில் அடுத்த ஜூனில் இதைத் தொடங்கலாம்: பள்ளிக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியர், இருபக்கப் பாடநூல், ஐந்து ஆண்டுகளுக்கு மாற்றப்படாத திட்டம். கல்வித் துறை இதைச் செய்ய வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆங்கிலவழி உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். வகுப்பில் என் பிள்ளை தினமும் எவ்வளவு நேரம் பேசுகிறது, எந்த மொழியில் பேசுகிறது என்று கேளுங்கள்.