யாருடைய தோள், யாருடைய தீர்மானம்?

2025 நவம்பர் 1ஆம் திகதி இரவு கனடாவின் ரொறன்ரோ நகரில் பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவதும் இறுதியுமான போட்டி நடந்தது. அதில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணிக்காகக் கடைசியாகப் பந்துவீச வந்தவர் யொஷினொபு யமமொட்டோ. அதற்கு முதல் நாள் இரவுதான் ஆறாவது போட்டியில் 96 பந்துகளை வீசிவிட்டு வந்திருந்தார். ஒரு நாள் ஓய்வுகூட இல்லாமல் மேலும் 34 பந்துகளை வீசினார். 11 இன்னிங்ஸ் வரை நீண்ட போட்டியில் டொட்ஜர்ஸ் 5-4 என்று வென்று, தொடர்ச்சியாக இரண்டாவது ஆண்டும் கிண்ணத்தைத் தூக்கியது. தொடரின் சிறந்த வீரராக யமமொட்டோ தெரிவானார்.

இலங்கை நேரப்படி அது மறுநாள் காலை. நம் உறவுகள் பெருந்தொகையாக வாழும் நகரம் ரொறன்ரோ என்பதால், கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் பேசப்படாத வீடுகளிலும் அந்த நாட்களில் புளூ ஜேய்ஸ் என்ற பெயர் அடிபட்டது. ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் புளூ ஜேய்ஸ் பக்கம், நான் டொட்ஜர்ஸ் பக்கம். யமமொட்டோ வீசிய ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டியவன்தான் நானும். ஆனால், அதே அணியில் இருக்கும் இன்னொரு ஜப்பானிய இளைஞரான ரோகி சசாகியின் கதையை அறிந்தவர்களால் அந்த 34 பந்துகளைக் கேள்வியில்லாமல் கடந்துபோக முடியாது. ஒரு வீரரின் தோளை எவ்வளவு செலவழிக்கலாம்? அதைத் தீர்மானிப்பவர் யார்? அந்தத் தோள் உடைந்தால் விலை கொடுப்பவர் யார்?

பந்துகளை ஏன் எண்ணுகிறார்கள்?

பேஸ்போல் பார்க்காதவர்களுக்காக ஒரு ஒப்பீடு. ஒருநாள் கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் அதிகபட்சம் 10 ஓவர்கள், அதாவது 60 பந்துகள் வீசலாம். பேஸ்போலில் அப்படி ஒரு வரம்பு விதியில் இல்லை. ஆரம்பப் பந்துவீச்சாளர் பொதுவாக 90 முதல் 100 பந்துகள் வரை வீசுவார். பிறகு அமெரிக்காவில் நான்கைந்து நாட்கள், ஜப்பானில் ஏறக்குறைய ஒரு வாரம் ஓய்வெடுப்பார். அவர் ஓடிவந்து வீசுவதில்லை. நின்ற இடத்திலிருந்து, முழங்கையை மடக்கி, மணிக்கு 150, 160 கிலோமீற்றர் வேகத்தில் எறிகிறார். அந்த விசை முழுவதும் தோளிலும் முழங்கையின் உட்புறத்தில் உள்ள ஒரு சிறிய தசைநாரிலும் விழுகிறது. அது அறுந்தால் சத்திரசிகிச்சை, அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலான காத்திருப்பு.

2024 டிசம்பரில் அமெரிக்க பேஸ்போல் நிர்வாகமே பந்துவீச்சாளர் காயங்கள் பற்றி நீண்ட அறிக்கையொன்றை வெளியிட்டது. ஒவ்வொரு பந்தையும் உச்ச வேகத்தில், முழுப் பலத்துடன் வீசவேண்டும் என்ற இன்றைய பயிற்சி முறையே காயங்கள் பெருகுவதற்கு முக்கிய காரணமாக அதில் சுட்டிக்காட்டப்பட்டது. பந்துகளை எண்ணிக் கட்டுப்படுத்தும் காலத்தில்தான் காயங்களும் கூடியிருக்கின்றன. எண்ணிக்கை மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது.

ஒரே அணியின் இரண்டு மரபுகள்

டொட்ஜர்ஸின் வரலாற்றில் இதற்கு இரண்டு பழைய சாட்சிகள் உண்டு. முதலாமவர் சண்டி கூஃபக்ஸ். 1965 உலகத் தொடரின் ஏழாவது போட்டியில் இரண்டே நாள் ஓய்வுடன் வந்து, எதிரணிக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காமல் முழுப் போட்டியையும் வீசி முடித்தார். அந்தப் பருவத்தில் 335 இன்னிங்ஸுக்கு மேலும் அடுத்த பருவத்தில் 323 இன்னிங்ஸும் வீசினார். இன்றைய வீரர் ஒருவர் 200 இன்னிங்ஸைத் தொட்டாலே அது செய்தி. முழங்கை மூட்டுவாதத்துடன் ஊசிகளிலும் மருந்துகளிலும் காலம் தள்ளிய கூஃபக்ஸ், 1966இல் உச்சப் புகழில் இருந்தபோதே 30 வயதில் ஓய்வு பெற்றார்.

இரண்டாமவர் டொமி ஜோன். 1974இல் அவருடைய முழங்கைத் தசைநார் அறுந்தது. அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த ஒரு நாணை அங்கே பொருத்தினார். அதற்கு முன் அப்படியொரு சத்திரசிகிச்சை பேஸ்போல் வீரர் எவருக்கும் செய்யப்பட்டதில்லை. 1976இல் களத்துக்குத் திரும்பிய ஜோன் 1989 வரை விளையாடினார். இன்று அந்தச் சத்திரசிகிச்சையே அவருடைய பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

உடைந்துபோகும்வரை செலவழிப்பது ஒரு மரபு. உடைந்ததைத் திருத்தி எடுப்பது மற்றது. இரண்டும் இந்த அணியின் வீட்டிலேயே பிறந்தவை. உடையாமல் பார்த்துக்கொள்ளும் மூன்றாவது மரபொன்று அங்கே உருவாகிவிட்டதா என்பதுதான் என் சந்தேகம்.

உதிரிக் கைகள் உள்ள அணி

2025இல் டொட்ஜர்ஸ் பந்துவீச்சாளர்களை நிர்வகித்த முறையைப் பலர் பாராட்டுகிறார்கள். அதில் நியாயமும் உண்டு. இரண்டு தடவை முழங்கைச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஷோஹெய் ஒட்டானியை ஜூன் மாதத்தில் ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசவிட்டுத் தொடங்கி, படிப்படியாகவே கூட்டினார்கள். தோள் காயத்துடன் இருந்த பிளேக் ஸ்னெல் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூலை இறுதி வரை ஒதுக்கி வைக்கப்பட்டார். டைலர் கிளஸ்நோவுக்கும் இரண்டு மாதங்களுக்கு மேல் ஓய்வு. ஒக்டோபர் வந்தபோது எல்லோரும் களத்தில் நின்றார்கள்.

இதற்கு அக்கறை மட்டும் போதாது, பணமும் வேண்டும். பேஸ்போலில் மிக அதிகமாகச் செலவிடும் அணிகளில் ஒன்று டொட்ஜர்ஸ். ஒருவர் ஓய்வில் இருக்கும்போது அவருடைய இடத்தில் நிற்க இன்னொருவர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். எல்லாப் பந்துவீச்சாளர்களின் கைகளும் களஞ்சியத்தில் இருக்கும் உதிரிப்பாகங்கள் போல ஆகிவிடுகின்றன. கிண்ணம் கண்ணுக்குத் தெரியும்வரை கவனமாக வைத்திருக்கிறார்கள். தெரிந்த பிறகு கணக்குப் பார்ப்பதில்லை.

ஒக்டோபர் 27ஆம் திகதி நடந்த மூன்றாவது போட்டி 18 இன்னிங்ஸ் நீடித்தது. பந்துவீச ஆட்கள் தீர்ந்துபோன நிலையில், பெரிதாக யாருக்கும் தெரியாத வில் க்ளைன் நான்கு இன்னிங்ஸ்களில் 72 பந்துகளை வீசி அணியைக் காப்பாற்றினார். அவர் வழமையாக ஒரு இன்னிங்ஸ், கூடினால் இரண்டு வீசுபவர். போட்டி முடிந்ததும் முதியவர் கூஃபக்ஸ் நேரில் வந்து அவருடைய கையைக் குலுக்கினார். எல்லோரும் நெகிழ்ந்த காட்சி அது. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால், 30 வயதில் கையை இழந்த மனிதர் இன்னொருவரின் கையைப் பற்றிப் பாராட்டுகிறார் என்பதையும் அங்கே பார்க்கவேண்டும்.

யமமொட்டோவின் நிலை வேறு. ஏழாவது போட்டியில் வீச அவரே முன்வந்தார் என்று சொல்லப்பட்டது. அவருக்கு 27 வயது. 12 ஆண்டுகளுக்கு 325 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கையில் இருக்கிறது. நாளை அவருடைய தோள் உடைந்தாலும் அந்தப் பணம் வந்துகொண்டிருக்கும், உலகின் சிறந்த மருத்துவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். முடியாது என்று சொல்லும் பலம் அவருக்கு உண்டு. க்ளைனுக்கு அந்தப் பலம் இருந்ததா? அணிகள் மாறி மாறி வந்த, நிலையான இடம் இல்லாத ஒருவரிடம் "இன்னும் வீச முடியுமா?" என்று கேட்டால், அவர் வேறு என்ன பதில் சொல்வார்?

சசாகியைப் பயன்படுத்திய விதத்திலும் எனக்கு உடன்பாடில்லை. எட்டுப் போட்டிகளில் ஆரம்பப் பந்துவீச்சாளராக இறங்கியபின், மே மாதத்தில் தோள் உபாதையால் விலகினார். நான்கு மாதங்கள் கழித்து, செப்டெம்பர் இறுதியில், கடைசி இன்னிங்ஸ்களைக் காப்பாற்றும் பந்துவீச்சாளராக அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவருக்குப் பழக்கமில்லாத வேலை அது. முகாமையாளர் டேவ் ரொபேர்ட்ஸுக்கு நம்பக்கூடிய இறுதிப் பந்துவீச்சாளர் வேறு யாரும் இருக்கவில்லை என்பது உண்மை. பிலடெல்பியாவுக்கு எதிரான போட்டியில் தொடர்ந்து மூன்று இன்னிங்ஸ் வீசி, ஒரு எதிரணி வீரரைக்கூட தளத்துக்கு வரவிடாமல் அவர் சாதித்தார். பலன் கிடைத்தது. அதனாலேயே எவரும் கேள்வி கேட்கவில்லை.

ஒஃபுனாட்டோவில் நடந்தது

சசாகியின் தோளைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம், ஒரு காலத்தில் அதற்காக ஒரு பாடசாலையே தோற்க நேர்ந்தது என்பதுதான்.

ஜப்பானில் பாடசாலை பேஸ்போலின் உச்சம் கோடைகால கோஷியென் தொடர். அங்கே பந்துகளை எண்ணாமல் வீசுவதே வீரமாகக் கருதப்பட்டது. 1998இல் டைசுகே மட்சுசாக்கா 17 இன்னிங்ஸ் நீடித்த ஒரே போட்டியில் 250 பந்துகள் வீசினார். 2006இல் யூகி சைட்டோ ஒரே தொடரில் 948 பந்துகள். 2018இல் கோசெய் யொஷிடா 881 பந்துகள். இவை சாதனைகளாகவே கொண்டாடப்பட்டன.

2019இல் சசாகி, இவாட்டே மாகாணத்தின் ஒஃபுனாட்டோ என்ற கரையோர நகரில் ஒரு அரச பாடசாலை மாணவர். 17 வயதிலேயே மணிக்கு 163 கிலோமீற்றர் வேகத்தில் வீசியவர். பெயர்பெற்ற பாடசாலைகளுக்குப் போகாமல், சிறுவயது நண்பர்களுடன் சேர்ந்து விளையாட அங்கே சேர்ந்திருந்தார். 1984இற்குப் பிறகு அந்தப் பாடசாலை கோஷியென் மண்ணை மிதிக்கவில்லை. ஜூலை 21ஆம் திகதி நடந்த போட்டியில் அவர் 12 இன்னிங்ஸ்களில் 194 பந்துகள் வீசினார். கிரிக்கெட் கணக்கில் அது 32 ஓவர்களுக்கு மேல். வெற்றிக்கான ஹோம் ரன்னையும் அவரே அடித்தார். 24ஆம் திகதி அரையிறுதியில் மேலும் 129 பந்துகள். 25ஆம் திகதி மாகாண இறுதிப்போட்டி. வென்றால் கோஷியென்.

32 வயதான பயிற்றுவிப்பாளர் யொஹெய் கொகுபோ அன்று சசாகியைக் களத்தில் இறக்கவில்லை. ஒட்டானி படித்த ஹனமாக்கி ஹிகஷி பாடசாலையிடம் ஒஃபுனாட்டோ 12-2 என்று தோற்றது. பாடசாலைக்குத் தொலைபேசியில் கண்டனங்கள் குவிந்தன. தொலைக்காட்சியில் பழைய நட்சத்திர வீரர் ஒருவர் பயிற்றுவிப்பாளரைக் கடுமையாகச் சாடினார். அமெரிக்காவில் விளையாடிக்கொண்டிருந்த யூ டார்விஷ் பயிற்றுவிப்பாளரின் பக்கம் நின்றார்.

கண்டித்தவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. தோற்றது சசாகி மட்டுமல்ல. சேர்ந்து விளையாடவென்றே அங்கே வந்த அத்தனை நண்பர்களுக்கும் கோஷியென் கனவு அன்றோடு முடிந்தது. வீச விரும்பியதாகச் சசாகியும் சொன்னார். ஆனால், தான் சொல்லியிருந்தால் அவர் வீசியிருப்பார் என்ற பொருளில் கொகுபோ சொன்னதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஊரே எதிர்பார்த்து நிற்கும்போது 17 வயதுப் பிள்ளை "எனக்கு ஏலாது" என்று சொல்லாது. ஆகவே, அதைச் சொல்லும் பொறுப்பைப் பெரியவர் ஒருவர் தன் தலையில் போட்டுக்கொண்டார். டொட்ஜர்ஸிடம் உதிரிக் கைகள் இருந்தன. கொகுபோவிடம் சசாகிக்கு ஈடாக ஒருவரும் இல்லை. இருந்தும் அவர் நிறுத்தினார்.

2020 முதல் ஜப்பானியப் பாடசாலைப் போட்டிகளில் ஒரு வாரத்துக்கு 500 பந்துகளுக்கு மேல் ஒருவர் வீசக்கூடாது என்ற விதி வந்தது. 500 என்பதே அதிகம்தான். எனினும், அதன்பின் 948 என்ற எண்ணை ஒருவரும் சாதனையாகத் துரத்தவேண்டிய தேவையில்லை.

பேரிழப்பின் பிள்ளை

சசாகி பிறந்த ஊர் ரிக்குசென்டகாட்டா. 2011 மார்ச் 11ஆம் திகதி ஆழிப்பேரலை அந்த ஊரில் 1,700இற்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. ஒன்பது வயதுச் சசாகி தன் தந்தையையும் பாட்டன், பாட்டியையும் இழந்தார். மிஞ்சியவர்கள் ஒஃபுனாட்டோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26ஐ முல்லைத்தீவிலும் மருதங்கேணியிலும் கல்முனையிலும் வாழ்ந்து கடந்தவர்களுக்கு இந்த வரிகளை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆண்டுதோறும் மார்ச் மாதம் வந்தால் ஒலிவாங்கிகள் அவரிடம் போகும். 2023இல் உலக பேஸ்போல் கிண்ணத்தில் செக் குடியரசுக்கு எதிராக ஜப்பான் அவரை இறக்கிய நாளும் மார்ச் 11தான். அன்று அவர் எப்படி வீசினார் என்பதைவிட, யாரை இழந்தவர் என்பதே பெரிய செய்தியாக இருந்தது. ஊடகம் படித்து அதே தொழிலைச் செய்பவன் என்ற முறையில் இந்த வழக்கத்தை நான் அறிவேன். இழந்தவர்களின் பிள்ளை வெற்றிபெற்றால் அந்த வெற்றியை ஊர் தன்னுடையதாக்கிக்கொள்ளும். அது இயல்பு. ஆனால், அந்தப் பிள்ளை களைத்துப்போவதற்கான உரிமையும் அதோடு பறிபோகிறது. போரில் பெற்றோரை இழந்து பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளின் வாசலில் நாமும் கமராக்களுடன் நிற்கிறோம். பெறுபேறு குறைந்த பிள்ளையின் வீட்டுக்கு யாரும் போவதில்லை. ஒரு சமூகத்தின் காயத்துக்கு மருந்தாகும் வேலையை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பாதுகாப்பு கடனல்ல

ஜப்பானின் லொட்டே அணியும் சசாகியைப் பொத்திப் பொத்தித்தான் வளர்த்தது. 2020 பருவம் முழுவதும் ஒரு போட்டியிலும் இறக்கவில்லை. 2022 ஏப்ரல் 10இல், 20 வயதில், எதிரணியின் ஒருவரையும் தளத்துக்கு வரவிடாமல் முழுப் போட்டியையும் வீசினார். அடுத்த வாரமும் எட்டு இன்னிங்ஸ் வரை அப்படியே வீசிக்கொண்டிருந்தபோது, 102 பந்துகளுடன் முகாமையாளர் இகுச்சி அவரை நிறுத்தினார். 2025 தொடக்கத்தில் அவர் அமெரிக்கா போனபோது, "வளர்த்துவிட்டோம், முழுப் பருவம்கூட வீசாமல் போய்விட்டார்" என்று லொட்டே ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். அவர்களுடைய ஏமாற்றம் விளங்குகிறது. ஆனால், ஒரு பிள்ளையைப் பாதுகாத்ததற்குப் பிறகு வட்டி கேட்கமுடியாது. கேட்டால் அது முதலீடு என்றாகிவிடும்.

ஒரு ரசிகனாக நான் கேட்பது அதிகமில்லை. டொட்ஜர்ஸ் சசாகியைத் தொடர்ந்து ஆரம்பப் பந்துவீச்சாளராக வளர்ப்பதென்றால், அவசரத்துக்கு எடுத்து வீசும் கையாக அவரை இனிப் பயன்படுத்தக்கூடாது. க்ளைன் போன்றவர்கள் அளவுக்கு மீறி வீச நேர்ந்தால், அடுத்த பருவத்துக்கான இடமும் சம்பளமும் அவர்களுக்கு உறுதிசெய்யப்படவேண்டும். ஆபத்தை ஏற்கும்படி ஒருவரைக் கேட்பவர்கள், அது பிழைத்தால் வரும் இழப்பையும் ஏற்கவேண்டும். கொகுபோ இழப்பைத் தானே ஏற்றார். அவர் ஏற்றதால்தான், கிண்ணம் வெல்லும் பெரிய அணியொன்றுக்குச் செலவழிப்பதற்கு இன்று அந்தத் தோள் மிஞ்சியிருக்கிறது.