வயிற்றில் ஒரு வாசல்



எங்கள் வீதியில் ஒரு தாயாருக்குச் சிறுகுடல் முறுகி, நள்ளிரவில் அவசர சத்திரசிகிச்சை செய்தார்கள். கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்து, மீதிக் குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்தினார்கள். ஸ்டோமா என்பது இதைத்தான். வீடு வந்தவர், பை அடிக்கடி நிறைகிறதே என்று வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். நான்காம் நாள் தலை சுற்றி விழுந்தார். சிறுநீரும் வற்றிப்போயிருந்தது.

கழிவிலுள்ள நீரையும் உப்பையும் கடைசியாக உறிஞ்சியெடுப்பது பெருங்குடல். அங்கே போகாமலே வெளியேறினால், ஆரம்ப வாரங்களில் நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர்கூடப் போய்விடலாம். குடிக்காமல் இருந்தால் அது நின்றுவிடாது. வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தாலும் உப்பு இன்னும் கூடுதலாக வெளியேறும். ஜீவனி போன்ற கரைசல் கொடுத்து, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அவசரத்தில் வாசலுக்குப் பொருத்தமான இடத்தை முன்கூட்டியே குறித்துவைக்க நேரமேது? குடலும் வீங்கியிருக்கும். அதனால்தான் இத்தகையோருக்குச் சிக்கல்கள் அதிகம். நல்ல வாசல் உதட்டின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாயிருக்கும். துடைக்கும்போது ஒரு துளி இரத்தம் கசிந்தால் பயமில்லை. ஆனால் கறுத்தால் இரத்தவோட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். உள்ளே இழுபட்டாலும், ஓரம் தோலைவிட்டுப் பிரிந்தாலும் தாமதிக்காதீர்கள். வாசலைத் தொட்டால் வலிக்காது. ஆகவே நோவில்லை என்று இருந்துவிடாமல் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆறு, எட்டு வாரங்களில் வீக்கம் வற்றி வாசல் சிறுக்கும். பழைய அளவிலேயே ஓட்டை வெட்டி ஒட்டினால் கழிவு கசிந்து தோல் வெந்துபோகும். வாரம் ஒருமுறை அளந்து வெட்டுங்கள். மூன்றிலொரு பங்கு நிறைந்ததுமே பையை வெறுமையாக்குங்கள்.

அத்தாயார் தொழுகையையும் விட்டிருந்தார். "இந்தப் பையோட எப்படி மௌலவி?" என்று அழுதார். எட்டு நாள் இதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார்! பையைக் கழற்றத் தேவையில்லை. கட்டுப்படாமல் வெளியேறுவோருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நேரம் வந்தபின் பையை வெறுமையாக்கி, சுத்தம் செய்து, வுழூ எடுத்துத் தாமதியாமல் தொழட்டும். ஒவ்வொரு பர்ளுக்கும் புதிய வுழூ.

இப்போது அவர் கண்ணாடி முன் நின்று நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் சுபஹுக்கு வுழூ எடுக்கிறாராம். பேத்தி சொன்னாள்.