அபூ உமைரின் குருவியும் நம் பிள்ளைகளின் ஆங்கிலமும்



அன்பார்ந்த பெற்றோர்களே, ‘மை பெட் அனிமல்’ என்னும் தலைப்பில் பத்து வரிக் கட்டுரை எழுதாமல் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தொடக்கப் பள்ளியைக் கடப்பதில்லை. அந்தக் கட்டுரை எப்படித் தொடங்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ‘ஐ ஹேவ் எ டாக். இட்ஸ் நேம் இஸ் டாமி.’ வீட்டில் நாயே இல்லாத பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது. முற்றத்தில் இரண்டு வெள்ளாடுகள் கட்டிக் கிடக்கும். கூடையில் கோழி அடைகாத்துக் கொண்டிருக்கும். அடுப்படியில் பூனை சுற்றி வரும். அவற்றில் ஒன்றுகூடக் கட்டுரைக்குள் நுழைவதில்லை. இல்லாத டாமி பால் குடிக்கிறது, வாலாட்டுகிறது, வீட்டைக் காவல் காக்கிறது. பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

அதே பிள்ளையிடம், ‘டாமி இன்று என்ன சாப்பிட்டது?’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வராது. மனனம் செய்த பத்து வரிகளுக்கு அப்பால் பதினோராவது வரி பிள்ளையிடம் இல்லை. இதில் நமக்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. மொழி வரவில்லை என்பது முதலாவது. உண்மையல்லாத ஒன்றை உண்மைபோல் எழுதினால் பாராட்டு கிடைக்கும் எனப் பிள்ளை பழகிவிடுவது இரண்டாவது. வாய்மையை ஈமானின் அடையாளமாகக் கற்பிக்கும் சமுதாயம் இரண்டாவது இழப்பைச் சிறிதென ஒதுக்கிவிட முடியாது.

ஆங்கிலத்தை மனப்பாடக் கட்டுரையிலிருந்து மீட்டு, வீட்டிலும் தெருவிலும் பிள்ளை உண்மையாகவே அறிந்த உயிரினங்களைப் பற்றிய உரையாடலில் தொடங்க வேண்டும் என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து.

இது நமக்கு ஏன் அவசரம்?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டிருக்கின்றன. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதிலிருந்து ஊர் வளர்ந்தது. வேற்றூருக்கும் வேற்று மொழிக்கும் நடுவே போய்க் கற்று வந்ததால் எழுந்த ஊர் இது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்று அந்தத் தொழில் முன்போல் நிலையாக இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்து, தீபாவளியன்று வெடிக்கும் நேரத்தையும் இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. ஆலை வாசலை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலைகளையும் வேறு நகரங்களையும் வளைகுடா நாடுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது. அங்கெல்லாம் முதலில் கேட்கப்படுவது, ‘நீ பேசுவாயா?’ என்பதுதான். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்தும் தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேச இயலாமல் தலைகுனிந்து நிற்கும் இளைஞர்களை நாம் ஒவ்வொரு மஹல்லாவிலும் காண்கிறோம். அறிவில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். பேசிப் பழக அவர்களுக்கு வாய்ப்பு அமையவில்லை, அவ்வளவுதான்.

நபிகளார் காட்டிய வழி

குழந்தையோடு எவ்வாறு பேச்சைத் தொடங்குவது என்பதற்கு நம்மிடமே அழகிய முன்மாதிரி உண்டு. அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு சின்னஞ்சிறு தம்பி இருந்தார். அவர் ஒரு சிறு குருவியை வளர்த்து அதனோடு விளையாடி வந்தார். அந்தக் குருவி இறந்துவிட்டது. சிறுவர் வாடிப் போனார். நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வந்தபோது அச்சிறுவரை, பெரியவர்களை அழைப்பதுபோல் ‘அபூ உமைர்’ என்று விளித்து, அவருடைய குருவிக்கு என்ன ஆயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். அந்தக் கேள்வியில் சிறுவரின் பெயரும் குருவியின் பெயரும் ஓசை நயத்தோடு இயைந்து நின்றன. இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து மட்டும் சுமார் அறுபது படிப்பினைகளை எடுத்துக் காட்டித் தனி நூலே எழுதினார்கள். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதில் நேரடியான பாடம் உண்டு. நபிகளார் சிறுவரிடம் பெரியவர்களின் செய்திகளைப் பேசவில்லை. அவர் மனத்தில் எது நிறைந்திருந்ததோ அதைப் பற்றியே கேட்டார்கள். சிறிய வாக்கியம், இனிய ஓசை, உண்மையான கேள்வி. மொழி கற்பித்தலுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேறென்ன?

வேற்று மொழி கற்பதும் நம் மார்க்கத்துக்கு அந்நியமன்று. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபிகளார் ஆணையிட்டார்கள். அவர்கள் அரை மாதத்துக்குள் அதைக் கற்றதாக அறிவிப்பு வந்துள்ளது. கடிதங்களைப் படிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும் என்னும் உண்மைத் தேவை அவர்கள் முன் இருந்தது. தேவை உண்மையானால் மொழி விரைந்து வரும்.

வீட்டில் எவ்வாறு தொடங்குவது?

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். மஃரிபுக்குப் பின் ஆட்டுக்குத் தழை போடும் நேரத்தையே வகுப்பாக ஆக்கிக்கொள்ளலாம். ‘வாட் இஸ் த கோட் ஈட்டிங்?’ என்று அக்கா கேட்கட்டும். ‘இட் இஸ் ஈட்டிங் லீவ்ஸ்’ என்று தம்பி சொல்லட்டும். ‘டஸ் இட் ஈட் ரைஸ்?’ என்பது அடுத்த கேள்வி. இப்போது நடப்பது ‘இஸ் ஈட்டிங்’, வழக்கமாக நடப்பது ‘ஈட்ஸ்’ என்னும் வேறுபாடு பலகையில் எழுதி விளக்காமலே பிள்ளைக்குப் பிடிபடும். கண்ணெதிரே ஆடு தின்றுகொண்டிருக்கிறதே!

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் தெரியவில்லை என்பது தடையாகாது. அவர்கள் தமிழில் கேட்கட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொல்லட்டும். ‘கோழி எத்தனை முட்டை இட்டது?’ என்று நன்னி கேட்டால், விரலை எண்ணிவிட்டு ‘த்ரீ எக்ஸ்’ என்று பேரன் சொல்வான். நன்னிக்கு அந்த மொழி புரியாமல் போகலாம். ஆனால் பேரன் கூச்சமின்றி வாய் திறந்தான் என்பது அவருக்குப் புரியும். கேட்பவரின் ஆர்வமே பேசுபவரின் துணிவு.

மொழிகளுக்கிடையே உள்ள வேறுபாடும் இங்கு எளிதில் விளங்கும். தமிழில் விலங்குகள் அஃறிணை. ‘பூனை தூங்குகிறது’ என்கிறோம். ஆங்கிலத்திலோ தெருப்பூனை ‘இட்’, வீட்டில் பெயரிட்டு வளர்க்கும் பூனை ‘ஹீ’ அல்லது ‘ஷீ’. குட்டிகளின் பெயர்களும் அப்படித்தான். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பது எனக் கூறும். குட்டி, கன்று, பறழ் முதலியவை அவற்றுள் சில. ஆங்கிலத்தில் ஆட்டுக்குட்டி ‘கிட்’, கன்று ‘காஃப்’, பூனைக்குட்டி ‘கிட்டன்’, கோழிக்குஞ்சு ‘சிக்’. தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அருகருகே வைத்தால் இரண்டும் வளரும். ஒன்றை அழித்து மற்றொன்றைக் கற்க வேண்டியதில்லை.

மக்தபில் அரபுச் சொற்களைக் கற்கும் பிள்ளைக்கு மேலும் ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. ‘ஜிராஃப்’ என்பது அரபியின் ‘ஸராஃபா’விலிருந்து ஐரோப்பா சென்ற சொல். மான் இனத்தைக் குறிக்கும் ‘கஸெல்’ என்பது அரபியின் ‘ஃகஸால்’. ‘கேமல்’ என்பது ‘ஜமல்’ என்பதற்கு உறவு. ஆங்கிலம் முற்றிலும் அந்நியம் என்னும் அச்சம் இதனால் விலகும்.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு அச்சடித்த பாடநூலும் வீட்டிலேயே உண்டு. தீப்பெட்டி, பட்டாசுப் பெட்டி மேலட்டைகளில் சேவல், அணில், யானை, சிங்கம் என எத்தனை படங்கள்! அவற்றின் அருகில் ஆங்கிலப் பெயரும் இருக்கும். பழைய மேலட்டைகளைச் சேர்த்து, ‘வேர் டஸ் திஸ் அனிமல் லிவ்?’ என்று கேட்டு விளையாடலாம். அணிலைப் பற்றிப் பேச்சு வந்தால், 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பகுதியில் அமைந்த சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சொல்லுங்கள். அப்பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்குகிறது. வெளிநாட்டார் கேட்டு வியக்கும் செய்தி நம் பிள்ளையின் சொந்த மாவட்டத்தில் இருக்கும்போது டாமி எதற்கு?

நாயைப் பற்றிப் பேசலாமா?

சில பெற்றோர் தயங்குவார்கள். ‘பெட்’ என்றாலே ஆங்கிலப் பாடங்களில் நாய் வந்துவிடுகிறதே என்பார்கள். நாயைப் பற்றிப் பேசுவது வேறு, வளர்ப்பது வேறு. குகைவாசிகளின் நாயைக் குர்ஆனே குறிப்பிடுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு இறைமன்னிப்பு கிட்டிய செய்தியும், பூனையைப் பட்டினி போட்டு அடைத்துவைத்த பெண் தண்டனைக்கு ஆளான செய்தியும் ஹதீஸ்களில் உள்ளன. நாயின் தூய்மை பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு; வேட்டைக்கும் மந்தைக்கும் விளைநிலக் காவலுக்கும் வளர்க்க அனுமதியும் உண்டு.

நம் மாவட்டத்தின் இராஜபாளையம் நாய் 2005-இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. அதைப் பற்றி நம் பிள்ளை பெருமையோடு நான்கு வாக்கியம் பேசட்டும். நாளை வேற்றூரில் தோழன் ஒருவன், ‘உங்கள் வீட்டில் ஏன் நாய் இல்லை?’ என்று கேட்டால் நாணி ஒதுங்காமல், சினம் கொள்ளாமல், ‘வீ டோன்ட் கீப் எ டாக் இன்சைட் அவர் ஹவுஸ், பிகாஸ் வீ ப்ரே தேர். பட் வீ கிவ் வாட்டர் டு ஸ்ட்ரீட் டாக்ஸ்’ என்று சொல்லத் தெரியட்டும். தன் மார்க்கத்தை மென்மையாக எடுத்துரைக்கும் ஆங்கிலம் எந்த மனப்பாடக் கட்டுரையிலும் கிடைக்காது.

கடினமான பேச்சும் வேண்டும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது, சில வாரங்கள் தன் கையால் தழை ஊட்டிய ஆட்டைக் கண்டு பிள்ளையின் கண் கலங்கும். அந்த நேரத்தில் அதட்டி அடக்காமல், ‘ஆர் யூ சேட்?’ என்று கேளுங்கள். இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகத்தைத் தமிழில் சொல்லுங்கள். ‘சேட்’ என்னும் சொல்லின் பொருளை அந்தப் பிள்ளை வாழ்நாளில் மறக்காது. அபூ உமைரின் துயரத்தை நபிகளார் புறக்கணிக்கவில்லை என்பதை நாம் நினைவில் கொள்வோம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் கடினமான தலைப்பைக் கொடுக்கலாம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சி ஓடக் கூடாதெனத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. நம் பகுதியிலோ பட்டாசுதான் பல வீடுகளின் உலை. வெடிச் சத்தத்தில் பூனை கட்டிலுக்கடியில் ஒளிவதையும் நம் பிள்ளைகள் காண்கிறார்கள்; தீபாவளி விற்பனை குறைந்தால் கூலி குறைவதையும் காண்கிறார்கள். இரு பக்கமும் நின்று ஆங்கிலத்தில் பேச இவர்களைவிடத் தகுதியுடையவர் யார்? சொல்ல வேண்டிய செய்தி இருப்பவருக்கே மொழி வசப்படும்.

இலக்கணப் பிழை வருமே எனச் சிலர் அஞ்சலாம். வரத்தான் செய்யும். ‘கோட் ஈட் லீஃப்’ என்று பிள்ளை சொன்னால் சிரிக்காதீர்கள். ‘யெஸ், த கோட் ஈட்ஸ் லீவ்ஸ்’ என்று சரியான வடிவில் திருப்பிச் சொல்லுங்கள், போதும். மக்தபில் ஓதும்போது மக்ரஜ் பிழைத்தால் நாம் செய்வதும் அதுதானே. இன்னும் சிலர், இது பள்ளியின் வேலை என்பார்கள். நாற்பது பிள்ளைகள் அமரும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் வாய் திறக்க எத்தனை நிமிடம் கிடைக்கும்? வீட்டில் கிடைக்கும் பத்து நிமிடம் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரியது.

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். இல்லாத டாமியைப் பிழையின்றி எழுதிய பிள்ளையையும், இருக்கும் வெள்ளாட்டை இரண்டு பிழைகளோடு எழுதிய பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டாம். இரண்டாவது பிள்ளை தானே யோசித்து எழுதியிருக்கிறது, உண்மையையும் எழுதியிருக்கிறது.

பெற்றோர்களே, இன்று இரவே தொடங்குங்கள். உங்கள் பிள்ளை எந்த உயிரை நேசிக்கிறது என்று பாருங்கள். அதன் பெயரைக் கேளுங்கள். அது இன்று என்ன செய்தது என்று கேளுங்கள். பதில் தமிழில் வந்தாலும் தொடக்கம்தான். இன்ஷா அல்லாஹ், ஆங்கிலம் பின்னாலேயே வரும்.

நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும் உண்மை பேசும் நாவையும், எல்லா உயிர்களிடத்தும் இரங்கும் உள்ளத்தையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.