கடல் இல்லாத ஊரில் கடல்நீர்

2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிந்தபோது திருப்பதிக்குக் கடற்கரை கிடைத்தது, பழவேற்காடு ஏரியும் சேர்ந்தது. சித்தூருக்குக் கடல் இல்லை. அங்கே வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குக் கிளம்ப வேண்டாம். மழையில் ஆற்றுநீர் கலந்து அதன் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். கோமாளி மீன் அதை நம்பித் தொட்டியில் வாழ முடியாது.

சமையல் உப்பும் உதவாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் மெக்னீசியமும் கால்சியமும் உண்டு. மீன் கடைகளில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையே சரி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. போர்வெல் தண்ணீரை விட்டுவிட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்புங்கள். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு நாள் பம்ப் ஓடட்டும். ஹைட்ரோமீட்டர் 1.023க்கும் 1.026க்கும் இடையில் நிற்க வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் உப்பை நேரடியாகக் கொட்டாதீர்கள்.

உண்மையான சோதனை சித்தூர் வெயிலில்தான். ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 100 லிட்டரில் 10 லிட்டர் குறைந்தால், லிட்டருக்கு 35 கிராம் என்பது 39 ஆகிவிடும். குறைந்ததை உப்புநீரால் நிரப்பினால் கூடிய உப்பு குறையாது. அடுத்த வாரம் இன்னும் கூடும். ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீரைத் தினமும் சிறிது ஊற்றுங்கள். டிரம்மில் கலந்த உப்புநீர், பழைய நீரை வெளியே எடுத்து மாற்றும் நாளுக்கு மட்டும்.