இருட்டினால் பின்வாங்கு... விடிந்தால் அடி!

வீடியோ கேம் என்றாலே விரல்கள் பறக்க வேண்டுமே என்று ஒதுங்குகிறவரா? 'தி பேட்டில் ஃபார் வெஸ்னோத்' உங்களுக்குத்தான். டேவிட் வொயிட் 2003-ல் தொடங்கிய இந்த மாயாஜாலப் போர் விளையாட்டை, கம்ப்யூட்டரில் இலவசமாகவே ஆடலாம். செஸ் போலத்தான், உங்கள் முறை வந்தால் நிதானமாக யோசிக்கலாம், எதிரி காத்திருப்பான்.

அறுகோணக் கட்டங்களில் மனிதர்கள், எல்ஃப்கள், ஓர்க்குகள், எலும்புக்கூட்டுப் படை எல்லாம் மோதும். கிராமங்களைப் பிடித்தால் தங்கம் கிடைக்கும்; காயம்பட்டவர்கள் அங்கே நின்றால் தேறுவார்கள்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். ஆள் சேர்ந்ததுமே பாய்ந்துவிடுவார்கள். இங்கே பொழுதும் ஓர் ஆயுதம்! பெரும்பாலான மனித வீரர்களின் அடிக்குப் பகலில் 25% பலம் கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகளுக்கு நேர்மாறு. அதனால், இருட்டினால் பின்வாங்கி, விடிந்ததும் திருப்பி அடியுங்கள். இறந்த வீரர் திரும்ப வரமாட்டார். பிழைத்தவர் அனுபவத்தோடு அடுத்த போருக்கும் கைகொடுப்பார்.

முதலில் பயிற்சிப் பகுதி, அடுத்து 'எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்' கதை என்று தொடங்குங்கள். தோற்றால் என்ன? எங்கே அவசரப்பட்டோம் என்று பார்த்துவிட்டு, மறுபடி ஆடுங்கள்!