சிரிப்பதும் குற்றமா?



சனி, ஞாயிறு என்றால் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் வயிறு குலுங்கச் சிரித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. விஜய் தொலைக்காட்சியில் 2019 நவம்பரில் தொடங்கிய ‘குக் வித் கோமாளி’யைத்தான் சொல்கின்றேன். சமைக்கத் தெரிந்த போட்டியாளருக்கு, சமையலே தெரியாத கோமாளி ஒருவர் துணை. உள்ளி கேட்டால் இஞ்சி வரும். நேரமோ ஓடிக்கொண்டிருக்கும். நடுவர்கள் தாமுவும் வெங்கடேஷ் பட்டும்கூடச் சிரிப்பை அடக்க மாட்டாமல் நிற்பார்கள்.

இதென்ன விசர் விளையாட்டு என்று கேட்பீர்கள். ஆனால் அதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று நடந்தது. இரண்டாவது பருவத்தில் (2020–2021) நடிகை ஷகிலா போட்டியாளராக வந்தார். முன்னர் நடித்த மலையாளப் படங்களுக்காக ஊர்வாய் அவரை மிகவும் இழிவாகப் பேசியிருந்தது. இங்கே கோமாளிகள் அவரை ‘அம்மா’ என்று அழைத்தார்கள். அவரும் அவர்களது கோணங்கித்தனங்களுக்கு ஈடுகொடுத்துச் சமைத்து, இறுதிச் சுற்று வரை வந்தார். பார்த்தவர்களும் ‘அம்மா’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள். அவருக்காக எவரும் மேடையேறி வாதாடவில்லை. எல்லோரும் ஒரே இடர்ப்பாட்டில் நின்று ஒன்றாகச் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் பகிடி பண்ணுவது வேறு. இப்படிச் சேர்ந்து சிரிப்பது வேறு.

இத்தகைய விளையாட்டு நமக்கும் புதிதன்று. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கயிற்றில் ஆடும் பணிசை வாயால் கடித்துத் தின்ன வேண்டும். ஷெல் வீச்சில் கையை இழந்த சகோதரி ஒருத்தி அந்த வரிசையில் நின்றால், அவளுக்கும் மற்றவர்களுக்கும் அங்கே என்ன வேறுபாடு? அந்த நேரம் ஒருவருக்கும் கை இல்லை. யானைக்குக் கண் வைக்கும்போது ஒருவருக்கும் பார்வை இல்லை.

ஆனால் அவள் அந்த வரிசைக்கு வருகிறாளா? ‘அடுத்தது திருமணமான பெண்களுக்கான போட்டி’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டால், 2009இல் கணவனைப் பறிகொடுத்தவள் எழும்பத் தயங்குகிறாள். கணவனைக் கையளித்துவிட்டு இன்றும் வழி பார்த்திருப்பவள் எந்த வரிசையில் நிற்பது? துணிந்து எழும்பினாலும், “புருசன் இல்லாதவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?” என்று ஒரு குரல் பின்னால் கேட்கும். நாயாற்றுக் களப்பில் இறால் பிடிக்கவும், வெயிலில் நின்று கருவாடு காயவைக்கவும், பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தனியே சுமக்கவும் அவளை எவரும் விலக்குவதில்லை. சிரிப்புக்கு மட்டும்தான் விலக்கு.

இதை மாற்றப் பெரிய பணம் தேவையில்லை. நாயாறு, செம்மலை, கொக்குத்தொடுவாய் என்று எந்த ஊராயினும் விழாவை நடத்துவது நமது விளையாட்டுக் கழகமும் சங்கங்களுமே. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் சகோதரிகள் முற்கூட்டியே பேசி, ‘திருமணமான பெண்கள்’ என்பதை ‘30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள்’ என்று மாற்றச் சொல்லலாம். அந்த ஒரு சொல் மாறினால் வேலிக்கு வெளியே நிற்கும் பலர் உள்ளே வருவார்கள். விழா நாளன்று பக்கத்து வீட்டுக்காரி போய்க் கூட்டிவந்தால் இன்னும் நல்லது.

வர மனமில்லாதவளை வற்புறுத்தவும் கூடாது. சித்திரை கழிந்து மே மாதம் நெருங்க நெருங்கப் பலருக்கு நெஞ்சு கனக்கும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு கதிரை போட்டு, பக்கத்தில் இருந்து கதைத்தாலே போதும். அடுத்த வருடம் அவளாகவே எழும்பக்கூடும்.

பணிஸ் மூக்கில் இடிபட, முகமெல்லாம் சீனியாக, தாய் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். வீட்டில் அவள் அழுததை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! சிரித்துவிட்டதால் போனவர்களை மறந்தவர்களாகிவிட மாட்டோம். அவர்களும் நம்மோடு இருந்த காலத்தில் நம்மைச் சிரிக்க வைத்தவர்கள்தானே.

வருகிற சித்திரைக்கு முன்னர் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒருமுறை பேசுங்கள் சகோதரிகளே.